கடைசி நேர டிக்கெட்... காசு மிச்சம்! தியேட்டர், நாடகம், கச்சேரிக்கு குறைந்த விலையில் போவது எப்படி?

திண்டிவனம்:

குடும்பத்தோட ஒரு படம் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினா போதும், பர்ஸ் காலி. "டிக்கெட் விலையைப் பார்த்தாலே படம் பார்க்குற ஆசை போயிடுது" என்ற புலம்பலை டீக்கடை பெஞ்சிலும் பஸ் ஸ்டாண்டிலும் தினமும் கேட்கலாம். ஆனால் அதே தியேட்டரில், அதே ஆட்டத்துக்கு, பாதிக்கும் குறைவான விலையில் டிக்கெட் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "அது நமக்கெங்கே கிடைக்கப்போகுது" என்று கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட ஒருநாள் கூலி 336 ரூபாய். சென்னைக்குப் போய் ஒரு மல்டிபிளெக்ஸில் 150 ரூபாய் டிக்கெட் எடுத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய் சேர்ந்து 177 ரூபாய். அப்பா, அம்மா, 2 பிள்ளைகள் என 4 பேருக்கு 708 ரூபாய். உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. அதாவது 2 நாள் கூலி முழுசும் போய், மூன்றாம் நாள் கூலியிலும் கை வைக்க வேண்டும். பஸ் செலவு, பாப்கார்ன் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

இந்தச் செலவைக் குறைக்க என்ன வழி? அன்றைக்கே போய், அன்றைக்கே கவுண்டரில், சரியான வகுப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி. அதன் விவரம் வருமாறு:-

கடைசி நேரத்தில் விலை ஏன் இறங்குது?

சாயங்காலம் ஆனதும் மார்க்கெட்டில் கீரைக்கட்டு விலை இறங்கும். காலையில் கறாராகப் பேசிய வியாபாரி, இருட்டுற நேரத்துல "ரெண்டு கட்டு எடுத்துக்கம்மா, பாத்துக் குடு" என்பார். நாளைக்கு அந்தக் கீரை வாடிப்போகும். இன்னைக்கு வந்த விலைக்கு விற்றால்தான் லாபம்.

அரங்கத்தில் இருக்கும் நாற்காலியும் கீரைக்கட்டு மாதிரிதான். ஆட்டம் தொடங்கி மணி அடித்த பிறகு காலி நாற்காலிக்கு ஒரு பைசா மதிப்பில்லை. அதை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கரண்ட் பில், ஏ.சி., ஊழியர் சம்பளம் எல்லாம் அதே செலவுதான். அதனால் காலியாகப் போகிற இடத்தை பாதி விலைக்குக் கொடுத்தாலும் அரங்கத்துக்காரருக்கு லாபம், பார்ப்பவருக்கும் லாபம்.

இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் வெளிநாடுகளில் பெரிய ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் க்யூ

நமக்கு தியேட்டர் என்றால் சினிமா. அமெரிக்காவிலும் லண்டனிலும் தியேட்டர் என்றால் நாடகம். நியூயார்க் நகரில் பிராட்வே என்ற தெருவைச் சுற்றி நாடக அரங்குகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே நல்ல நாடகத்துக்கு ஒரு டிக்கெட் 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். நம்ம ஊர் காசில் 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

அந்த ஊரிலும் கூலி வேலைக்காரர்கள், மாணவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்வது? 1973-ம் ஆண்டு ஜூன் மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்ற பெயரில் ஒரு டிக்கெட் கவுண்டர் திறந்தார்கள். தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கம் இல்லாத அமைப்பு இதை நடத்துகிறது. அன்றைய ஆட்டத்துக்கு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகள் இந்த கவுண்டருக்கு வரும். பாதி விலை வரைக்கும் தள்ளுபடி. க்யூவில் நின்று வாங்கிக்கொண்டு நேராக நாடகத்துக்குப் போக வேண்டியதுதான். 50 ஆண்டுகளைத் தாண்டியும் அந்த கவுண்டர் நடந்துகொண்டிருக்கிறது.

1996-ல் இன்னொரு வழக்கம் வந்தது. 'ரென்ட்' என்ற இசை நாடகம் அந்த ஆண்டு பிராட்வேக்கு வந்தது. வாடகை கொடுக்கக்கூட காசில்லாத இளம் கலைஞர்களின் கதை. ஏழைகளைப் பற்றிய நாடகத்தை ஏழைகள் பார்க்க முடியாத விலையில் விற்பதா என்ற கேள்வி வந்தது. அதனால் மேடைக்கு முன்னால் உள்ள முதல் 2 வரிசைகளை ஒதுக்கி, ஆட்டம் நடக்கும் அன்று மட்டும் தலா 20 டாலருக்கு கொடுத்தார்கள். இதற்கு ரஷ் டிக்கெட் என்று பெயர். முன்பதிவு கிடையாது. அன்றைக்கு நேரில் வருகிறவருக்குத்தான்.

கூட்டம் அலைமோதியது. முதல் நாள் ராத்திரியே ரோட்டில் படுத்து இடம் பிடித்தார்கள். ராத்திரியில் ரோட்டில் படுப்பது ஆபத்து என்பதால் பிறகு குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். பெயரை எழுதிப் போட வேண்டும், சீட்டு விழுந்தவருக்கு 20 டாலர் டிக்கெட்.

2015-ல் பிராட்வேக்கு வந்த 'ஹாமில்டன்' நாடகம் இதையும் தாண்டியது. மற்ற டிக்கெட் எல்லாம் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும்போது, குலுக்கலில் ஜெயித்தவருக்கு வெறும் 10 டாலர்தான். அமெரிக்காவின் 10 டாலர் நோட்டில் இருப்பதும் அந்த ஹாமில்டன் படம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

லண்டனிலும் தரை டிக்கெட்!

லண்டனில் 1980-ல் லெஸ்டர் சதுக்கத்தில் இதேபோல பாதி விலை கவுண்டர் வந்தது. ஆனால் அதைவிட நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று அங்கே இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் 1599-ல் கட்டப்பட்டது. மேடைக்கு முன்னால் திறந்த வெளி. அங்கே நின்றுகொண்டு பார்க்க ஒரு பென்னி காசு கொடுத்தால் போதும். கூலிக்காரர்கள், வேலை பழகும் பையன்கள் எல்லாம் அங்கேதான். பணக்காரர்கள் சுற்றிலும் மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தரையில் நின்று பார்த்தவர்களை ஆங்கிலத்தில் தரைக்காரர்கள் என்ற பொருளில்தான் அழைத்தார்கள். நம்ம ஊர் தரை டிக்கெட்டேதான்!

1997-ல் அந்த அரங்கத்தைப் பழைய மாதிரியே திரும்பக் கட்டித் திறந்தபோது, தரை டிக்கெட்டையும் விடவில்லை. சுமார் 700 பேர் நின்று பார்க்க இடம், அப்போது ஆளுக்கு 5 பவுண்டு. மேடைக்கு மிக அருகில் நிற்பவர்கள் இவர்கள்தான். நடிகர்கள் இவர்களைப் பார்த்துத்தான் வசனம் பேசுவார்கள்.

நம்ம ஊர் கதை

அவ்வளவு தூரம் போவானேன்? தரை, பெஞ்ச், சேர் என்று வகுப்பு பிரித்து டிக்கெட் விற்றது நம்ம ஊர் நாடகக் கொட்டகையும், டூரிங் டாக்கீசும்தானே. மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் நம்ம வீடுகளில் இருக்கிறார்கள். தரை டிக்கெட்டுக்கு முன்பதிவு ஏது? கொட்டகையில் பாட்டுப் போட்டதும் கிளம்பிப் போய், கவுண்டர் சந்துக்குள் கையை விட்டு வாங்கி வர வேண்டியதுதான். அமெரிக்காக்காரர் 1996-ல் கண்டுபிடித்ததை நம்ம தாத்தாக்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

விழுப்புரத்தில் 1928-ல் பிறந்த சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். அப்படிப்பட்ட கம்பெனி நாடகங்களைக் கைதட்டி வளர்த்ததில் தரை டிக்கெட் ரசிகனுக்குப் பெரிய பங்கு உண்டு.

டூரிங் டாக்கீஸ் போய் ஏ.சி. தியேட்டர் வந்தது. மணல் போய் மெத்தை நாற்காலி வந்தது. ஆனால் தரை டிக்கெட் முழுசாகப் போய்விடவில்லை. சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

10 ரூபாய் டிக்கெட் தெரியுமா?

தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட் விலையை தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தியேட்டருக்கு உரிமம் கொடுக்கப்படுகிறது. மாவட்டங்களில் உரிமம் கொடுப்பவர் கலெக்டர். டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அரசு.

2017-க்கு முன்பு பல ஆண்டுகள் மல்டிபிளெக்ஸில் அதிகபட்சம் 120 ரூபாய். அப்போது இன்னொரு விதியும் இருந்தது. மொத்த இருக்கையில் 10 சதவீதத்தை 10 ரூபாய்க்கு கொடுக்க வேண்டும். சென்னையில் பளபளக்கும் மல்டிபிளெக்ஸில்கூட திரைக்கு முன்னால் உள்ள வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் உண்டு. பின்னால் 120 ரூபாய்க்கு உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதும் அதே படம், அதே ஏ.சி. காலேஜ் பசங்களும், வேலை தேடி சென்னைக்குப் போனவர்களும் காலையிலேயே க்யூவில் நின்று இந்த டிக்கெட்டைப் பிடித்த காலம் அது.

2017-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர்ந்ததால் தியேட்டர்களை மூடி போராட்டம் நடந்தது. அக்டோபரில் அரசு விலையை மாற்றியது. மல்டிபிளெக்ஸில் அதிகபட்சம் 150 ரூபாய், குறைந்தபட்சம் 50 ரூபாய் என்று ஆனது. மற்ற தியேட்டர்களுக்கு ஊருக்கும் வசதிக்கும் தகுந்தபடி இதைவிடக் குறைந்த விலை வைக்கப்பட்டது.

10 ரூபாய் போய்விட்டது. ஆனால் கடைசி வகுப்பு போகவில்லை. இன்றைக்கு மல்டிபிளெக்ஸில் 'பட்ஜெட்' என்ற பெயரில் முன்வரிசையில் இருப்பது இதுதான். நம்ம பழைய தரை டிக்கெட்டுக்கு புதுப் பெயர்!

கணக்கு போட்டுப் பாருங்க

வரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரை உள்ள சினிமா டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 100 ரூபாயைத் தாண்டினால் பழையபடி 18 சதவீதம்தான்.

அதாவது 100 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி 5 ரூபாய். 120 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி 21 ரூபாய் 60 காசு. டிக்கெட்டில் வித்தியாசம் 20 ரூபாய்தான். ஆனால் கையில் இருந்து போவது 36 ரூபாய் 60 காசு கூடுதல்.

இப்போ முதலில் போட்ட கணக்கை மாற்றிப் போடுவோம். அதே மல்டிபிளெக்ஸ், அதே படம், முன்வரிசை 50 ரூபாய் டிக்கெட். வரி 2 ரூபாய் 50 காசு. ஒருவருக்கு 52 ரூபாய் 50 காசு. 4 பேருக்கு 210 ரூபாய்.

708 ரூபாய் எங்கே, 210 ரூபாய் எங்கே? ஒருநாள் கூலியில் குடும்பமே படம் பார்த்துவிட்டு, மிச்சத்தில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனால் இந்த டிக்கெட்டை செல்போனில் புக் பண்ணினால் என்ன ஆகும்? இணையத்தில் புக் பண்ணும்போது டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒன்று சேரும். இது ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. 4 டிக்கெட் எடுத்தால் 4 தடவை. டிக்கெட்டுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதுக்கு 18 சதவீத வரி 5 ரூபாய் 40 காசு. ஆக 35 ரூபாய் 40 காசு. 4 பேருக்கு 141 ரூபாய் 60 காசு! 210 ரூபாய் டிக்கெட்டுக்கு 141 ரூபாய் 60 காசு கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் கதைதான்.

விலை அதிகமான டிக்கெட் எடுப்பவருக்கு இந்தக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. மலிவு டிக்கெட் எடுப்பவருக்குத்தான் அடி. அதனால்தான் சொல்றோம், மலிவு டிக்கெட்டை கவுண்டரில் வாங்கினால்தான் மலிவு.

கவுண்டரில் எப்படி கேட்பது?

"ஒரு டிக்கெட் குடுங்க" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால், விலை கூடின வகுப்பில் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பைச் சொல்லிக் கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1. முதலில் கட்டண போர்டைப் பாருங்க. எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று போர்டில் இருக்கும். கவுண்டரில் போய் நின்ற பிறகு பார்த்தால் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். க்யூவில் சேரும் முன்பே பார்த்துவிடுங்க.

2. "அண்ணே, இருக்கிறதிலேயே குறைஞ்ச கிளாஸ் எது? அதுல 4 குடுங்க" என்று நேராகக் கேளுங்க. மல்டிபிளெக்ஸ் என்றால் "பட்ஜெட் சீட் இருக்கா?" என்று கேளுங்க. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரசு வைத்த வகுப்பு அது.

3. செல்போனில் அந்த வரிசை நிறைந்துவிட்டதாகத் தெரிந்தாலும், நேரில் ஒருமுறை கேட்டுவிடுங்க. எடுத்தவர் திருப்பிக் கொடுத்த டிக்கெட், ஒதுக்கி வைத்து எடுக்காமல் விட்ட டிக்கெட் கடைசி நேரத்தில் வெளியே வருவது உண்டு.

4. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்க. முன்வரிசையில் சீட்டு கொஞ்சம்தான். ரொம்ப லேட்டாகப் போனால் 4 பேரும் 4 மூலையில் உட்கார வேண்டியிருக்கும்.

5. தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் அதிர்ஷ்டம் அதிகம். கூட்டமான படத்துக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றை சீட்டு மிஞ்சும்.

6. சில்லறை வைத்துக்கொள்ளுங்க. டிக்கெட்டில் அச்சடித்த தொகையையும் கொடுத்த காசையும் ஜன்னலை விட்டு நகரும் முன்பே சரிபாருங்க.

7. முன்வரிசையில் கழுத்து வலிக்கும் என்பது உண்மைதான். நாற்காலியில் கொஞ்சம் சறுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தால் சமாளிக்கலாம். கண் கூச்சம் உள்ளவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் மட்டும் ஒரு வகுப்பு மேலே எடுப்பது நல்லது.

எந்த நாள், எந்த ஆட்டம்?

பெரிய நடிகர் படம் வந்த முதல் 3 நாளில் மலிவு டிக்கெட்டைத் தேடி அலைய வேண்டாம். கிடைக்காது. கிடைத்தாலும் கைமாறி, விலை ஏறித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை மூச்சு வாங்கும். திங்கள் முதல் வியாழன் வரை காலைக்காட்சிக்கும் மதியக்காட்சிக்கும் கூட்டம் குறைவு. எந்தக் கிழமை வாரவிடுமுறையோ அந்தக் கிழமைக்கு ஏற்றபடி ஆளுக்கு ஆள் மாறும். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்து வார நாளில் லீவு விடும் தொழில் செய்பவர்களுக்கு இது ஜாக்பாட்.

மழை நாள், கிரிக்கெட் இறுதிப்போட்டி நாள், பள்ளித் தேர்வு நேரம் ஆகிய நாட்களில் தியேட்டர் காற்று வாங்கும். அன்றைக்குப் போனால் நல்ல சீட்டும் கிடைக்கும்.

விலையைக் குறைத்தால் மக்கள் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு 2022 செப்டம்பர் 23 பதில் சொன்னது. தேசிய சினிமா தினம் என்று அறிவித்து, இந்தியா முழுக்க பல மல்டிபிளெக்ஸ்களில் அன்று ஒருநாள் டிக்கெட் 75 ரூபாய்க்கு கொடுத்தார்கள். ஒரே நாளில் 65 லட்சம் பேர் படம் பார்த்ததாக மல்டிபிளெக்ஸ் சங்கமே சொன்னது. அது வேலை நாளான வெள்ளிக்கிழமை என்பது குறிப்பிடத்தக்கது.

மார்கழியில் சென்னை போனால்

சினிமா மட்டும்தான் என்றில்லை. டிசம்பர் மாதம் சென்னையில் சபாக்களில் கச்சேரி, நாட்டியம், நாடகம் என்று களைகட்டும். "அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம்" என்று ஒதுங்க வேண்டாம்.

1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் பெரிய வித்வான்களின் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மதிய நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். வேறு பல சபாக்களிலும் பகல் கச்சேரி இலவசம்தான். இன்றைக்கு மதியம் பாடுபவர்தான் 10 வருஷம் கழித்து சாயங்கால டிக்கெட் கச்சேரி பாடப்போகிறவர்.

சாயங்காலக் கச்சேரிக்கும் அன்றைய டிக்கெட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சீசன் டிக்கெட்காரர்கள் போக மீதம் உள்ள இடங்கள், குறிப்பாக மேல்மாடி சீட்டுகள், குறைந்த விலையில் அன்றன்று விற்கப்படும். பெயர் பெற்ற பாடகர் கச்சேரி என்றால் விடிவதற்கு முன்பே கிழவர், இளைஞர் என்று பார்க்காமல் க்யூ நிற்கும். நியூயார்க் ரஷ் டிக்கெட்டுக்கு இது அண்ணன் முறை. சீசன் தொடங்கும் முன்பு சபா அறிவிப்பில் அன்றைய டிக்கெட் எப்போது, எங்கே கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது.

பொங்கல் நேரத்தில் என்றால் சென்னை சங்கமம் இருக்கிறது. 2007-ல் தொடங்கி, இடையில் நின்றுபோன இந்த விழா, 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு மறுபடி நடந்தது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று பல இடங்களில் கரகம், பறை, தெருக்கூத்து எல்லாம் இலவசமாகவே நடக்கும்.

திண்டிவனத்தில் இருந்து போகிறவர்கள் பஸ் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை சுமார் 125 கிலோமீட்டர். தென்மாவட்ட பஸ்களுக்கான கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, அங்கே இறங்கி மாநகர பஸ் பிடித்துப் போக வேண்டும். அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரெயிலில் போனால் எழும்பூர் வரை நேராகப் போய்விடலாம். 52 ரூபாய் டிக்கெட்டுக்காக மட்டும் சென்னை போவது புத்திசாலித்தனம் இல்லை. ஆஸ்பத்திரி, துணி எடுப்பது, உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று போகிற அன்றைக்கு இதையும் சேர்த்துக்கொண்டால்தான் லாபம்.

பக்கத்திலேயே இருக்கு

நாடகம் பார்க்க சென்னைக்குத்தான் போகணும் என்பதும் இல்லை. நம்ம மாவட்டத்திலேயே, வானூர் தாலுகாவில், ஆரோவில் அருகே ஆதிசக்தி நாடகக் குழுவின் அரங்கம் இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி, பிறகு இங்கே கொண்டு வந்த குழு இது. நாட்டின் பல ஊர்களில் இருந்தும் நடிகர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். ஆரோவில் பகுதி அரங்குகளில் கட்டணம் இல்லாத நாடகம், இசை, நாட்டிய நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு. திண்டிவனத்தில் இருந்து பைக்கில் போய் வரும் தூரம்தான்.

டிக்கெட்டே இல்லாத நாடகம்

இன்னொரு நாடகம் இருக்கிறது. அதுக்கு எந்த நாளிலும் டிக்கெட் கிடையாது. அதுதான் தெருக்கூத்து.

பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் திரவுபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. செஞ்சி அருகே மேலச்சேரி திரவுபதி அம்மன் கோவிலை ஆதிக் கோவில் என்று மக்கள் மதிக்கிறார்கள். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று விடிய விடிய நடக்கும்.

இங்கே காசு முறையே வேறு. ஊர்ப் பெரியவர்கள் வெத்தலை பாக்கு வைத்து, அட்வான்ஸ் கொடுத்து, கூத்து ஜமாவை அழைக்கிறார்கள். ஊரே வரி போட்டு சம்பளம் கொடுக்கிறது. அதனால் பார்க்க வருபவரிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. வெளியூர்க்காரருக்கும் இடம் உண்டு. பாயோ சாக்கோ கொண்டு போனால் முன்வரிசையே உங்களுக்குத்தான். கட்டியங்காரன் நக்கலுக்கு சிரிக்க எந்த வகுப்பும் தேவையில்லை.

பார்த்துவிட்டு வரும்போது நடிகருக்கு ஒரு பத்தோ இருபதோ அன்பளிப்பாகக் கொடுப்பது மரியாதை. ராத்திரி முழுக்க கட்டை கட்டி, கிரீடம் சுமந்து ஆடுபவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

ஏமாந்துடாதீங்க

மலிவு டிக்கெட் தேடுபவரைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"ஹவுஸ்ஃபுல், என்கிட்ட ரெண்டு இருக்கு" என்று வாசலில் காதில் ஓதுபவரிடம் வாங்காதீங்க. செல்போனில் டிக்கெட் படத்தை அனுப்பி காசு கேட்பவரிடமும் வாங்காதீங்க. அதே படத்தை அவர் 10 பேருக்கு அனுப்பியிருக்கலாம். வாசலில் ஸ்கேன் பண்ணும்போது முதலில் போனவருக்குத்தான் இடம், மற்றவருக்குப் பட்டை நாமம்தான்.

"பாதி விலை டிக்கெட், இந்த லிங்கை அழுத்துங்க" என்று வரும் மெசேஜைத் தொடவே வேண்டாம். டிக்கெட் வாங்க ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் போனில் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது.

கவுண்டரிலேயே நிர்ணயித்த விலைக்கு மேல் கேட்டால்? முதலில் போர்டைக் காட்டி நிதானமாகக் கேளுங்க. மசியவில்லை என்றால் டிக்கெட்டை வாங்கி பத்திரப்படுத்துங்க. டிக்கெட், போர்டு இரண்டையும் செல்போனில் படம் பிடித்து வையுங்க. உரிமம் கொடுப்பவர் கலெக்டர் என்பதால் புகாரும் அங்கேதான். விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். திண்டிவனத்திலேயே சப்-கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போட்டுச் சொல்லலாம். தேதி, ஆட்ட நேரம், வகுப்பு, கொடுத்த தொகை ஆகிய நான்கும் மனுவில் இருக்க வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் புகாரும் கிழிந்த மாதிரிதான்.

தியேட்டர்காரங்க கவனத்துக்கு...

டிக்கெட்டுக்கு அரசு வைத்திருப்பது உச்சவரம்புதான். கூட்டம் இல்லாத மதியக்காட்சிக்கு, ஆட்டத்துக்கு அரை மணி முன்னால், மேல் வகுப்பு சீட்டையும் விலை குறைத்துக் கொடுக்க யாரும் தடுக்கப் போவதில்லை. "இன்றைய மதியக்காட்சி, கடைசி அரை மணி, எல்லா சீட்டும் குறைந்த விலை" என்று வாசலில் ஒரு சிலேட்டு போர்டு எழுதி வைத்தால் போதும். பஸ்சுக்குக் காத்திருப்பவர், மார்க்கெட் முடிந்து வீடு திரும்புபவர், லோடு இறக்கிவிட்டு சும்மா இருக்கும் டிரைவர் என்று நாலு பேர் உள்ளே வருவார்கள். நாலு பேர் வந்தால் கேன்டீனில் நாலு டீ விற்கும்.

காலி நாற்காலியைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன பயன்?

தியேட்டர்காரர் போர்டு வைக்கும் வரைக்கும் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. குறைந்த விலை வகுப்பு இன்றைக்கும் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்றால் அது மெல்ல மறைந்துபோகும். 10 ரூபாய் டிக்கெட் போனது நமக்குத் தெரியும். 50 ரூபாய் டிக்கெட்டும் போகாமல் இருக்க, அடுத்த தடவை கவுண்டரில் நிற்கும்போது சத்தமாகவே கேளுங்க: "அண்ணே, குறைஞ்ச கிளாஸ் டிக்கெட் 4 குடுங்க!"